இடது வெளிக்களத்துக்கு மூன்று தெரிவுகள்

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் எங்கள் பேஸ்போல் கிளப்பின் ஸ்கோர் புத்தகம் நான்கு வருடங்களாக என் கையில் இருக்கிறது. எனக்கு ஓடவும் தெரியாது, பந்து பிடிக்கவும் தெரியாது. காற்றாலைகளின் அதிர்வை அளந்து, எந்தப் பாகம் எப்போது பழுதாகும் என்று சொல்வது என் வேலை. அதனால் ஒரு கோடு எந்த இடத்தில் விழத் தொடங்குகிறது என்று பார்க்கத் தெரியும். போன ஓகஸ்டில் விழுந்த கோடு என் தம்பியுடையது.

அடிப்பதில் எங்கள் அணியின் நட்சத்திரம் அவன்தான். யூன் வரை பத்துத் தடவை மட்டையோடு நின்றால் நாலு தடவை சரியாக அடித்துவிட்டு ஓடுவான். பேஸ்போலில் அது பெரிய விஷயம். யூலையில் கொஞ்சம் தடுமாறினான். ஓகஸ்டில் மொத்தமாக நின்றுபோனது. மூன்று முறை காற்றை வெட்டிவிட்டு, பிழையெல்லாம் மட்டையுடையது என்பதுபோல அதை முறைத்தபடி திரும்பி வருவான்.

இரண்டு ஆட்டங்கள் மீதமிருந்தபோது அணியின் பயிற்சியாளர், எங்கள் ட்ரேனர், என்னை அழைத்தார். நல்ல மனிதர், கெட்ட செய்தி சொல்லுமுன் கோப்பி ஊற்றித் தருவார். அன்று இரண்டாவது கோப்பையும் ஊற்றினார்.

“தம்பி என்று பார்க்காதே. அவன் நிற்கும் இடது வெளிக்களத்துக்கு வேறு யாரைப் போடலாம்? ஒரு பட்டியல் தா.”

பட்டியல் என்று கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. அன்று பின்னேரமே எழுதினேன்.

ஒன்று: அல்பர்ட்ஸ்லுண்ட் ஊர்ப் பக்கத்துக் கிளப் ஒன்றின் ஆட்டக்காரன். நன்றாக அடிப்பான். பதிலுக்கு எங்கள் பந்து வீசும் மெஷினைக் கேட்கிறார்கள். மெஷின் இந்த வருடம் ஒரு நாளும் குழப்படி செய்ததில்லை. தம்பியைக் கேட்டிருந்தால் யோசித்திருக்கலாம்.

இரண்டு: படிக்க வந்திருக்கும் அமெரிக்க மாணவன். திறமைசாலி. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியத்துக்கு முன் எழும்பியதாகப் பதிவில்லை.

மூன்று: எங்கள் வாங்கிலேயே உட்கார்ந்திருக்கும் ரிசேர்வ் ஆட்டக்காரன். நெட்டையான டேனிஷ் பெடியன், பல் வைத்தியம் படிக்கிறான். யூலை வரை பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். ஓகஸ்டில்...

அந்த இடத்தில் பேனா நின்றது. அவனுடைய கோட்டையும் தம்பியின் கோட்டையும் ஒரே தாளில் கீறினேன். ஓகஸ்டின் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒன்று செங்குத்தாக இறங்கவும் மற்றது ஏறவும் தொடங்கியிருந்தன. வேலையில் இப்படி இரண்டு கோடுகள் வந்தால், இரண்டையும் தொடுத்திருக்கும் ஏதோ ஒன்றைத் தேடுவோம்.

அடுத்த பயிற்சியில் அவனிடமே போய், என்ன மாற்றம் செய்தாய் என்று கேட்டேன்.

“சாப்பாடு,” என்றான் வெட்கத்துடன். “உன் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல். அந்தக் கத்தரிக்காய்க் குழம்பு! இத்தனை நாளும் பாணும் சீஸும் தின்றுவிட்டு விளையாடியிருக்கிறேனே.”

பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் அம்மா தம்பிக்குக் கட்டிக் கொடுக்கும் பெட்டிதான் அது.

வீட்டுக்குப் போகும்போது காரில் கேட்டேன். தம்பி வீட்டில் டேனிஷில்தான் கதைப்பான். தமிழுக்கு மாறினால் விஷயம் பாரதூரம் என்று அர்த்தம்.

“அக்கா, அம்மாட்டைச் சொல்லாதை.”

“எதைச் சொல்லக் கூடாதெண்டு முதல்ல சொல்லு.”

“யூலையில அடி விழேல்லைத்தானே. நல்லூரானுக்கு நேர்த்தி வைச்சனான். நல்லூர்த் திருவிழாக் கொடியேறினதில இருந்து இருபத்தைஞ்சு நாளும் ஒரு நேரச் சாப்பாடு. இரவில மட்டும்.”

“அடி விழுறதுக்கோ?”

“ஓம்.”

காரை ஓரமாக நிறுத்தினேன். சிரித்துக்கொண்டு ஓட்டுவது ஆபத்து.

“மடையா, அடி விழுந்த பிறகெல்லோ நேர்த்தியைச் செய்யிறது?”

“முருகனோடை கொண்டிஷன் போடக் கூடாதெண்டு நினைச்சன்.”

“சரி, பெட்டியை ஏன் அவனுக்குக் குடுத்தனி? உன்ரை இடத்துக்கு வரப்போறவனே அவன்தான்.”

“கொட்டினாப் பாவமெல்லோ.”

ட்ரேனரிடம் காரணம் சொல்லாமல் இன்னொரு ஞாயிறு கேட்டேன். மூன்றாவது கோப்பை ஊற்றினார். அந்த ஞாயிறும் அடி விழாவிட்டால், கடைசி ஆட்டத்தில் தம்பி வாங்கில்தான் இருப்பான் என்றார்.

கொடி இறங்கி விரதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது; அந்த ஞாயிறும் அதற்குள்தான். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மாவுக்குச் சொல்லாமல் முடியாது; தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன். அம்மாவும் விரதம், மத்தியானம் ஒரு நேரம். முழுவதையும் கேட்டுவிட்டு, தன் பெட்டியில் ஒரு டேனிஷ் பெடியன் கொழுத்துக்கொண்டிருப்பதில் மட்டும் கொஞ்சம் மகிழ்ந்தா.

“விரதத்தை இடையில விடேலாது,” என்றா. “ஆனா ஆள் மாறலாம்.”

“அப்பிடி எங்கை சொல்லியிருக்கு?” என்றேன்.

“வேலையில நாங்கள் வாக்ட் மாத்திறேல்லையே?” அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா. அங்கே ஒருவரின் வாக்டை, அதாவது வேலை முறையை, மற்றவர் செய்வது வழக்கம். “ஒருத்தருக்கு ஏலாட்டி மற்றவ நிப்பா. ஆள் நிண்டாக் காணும்.”

“அப்ப நீங்கள் எடுங்கோவன்.”

“நான் என்ரை வாக்டில நிக்கிறன், பிள்ளை.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் பட்டியலில் இல்லாத நான்காவது தெரிவு நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா இரண்டு பெட்டி கட்டினா. “அந்தப் பிள்ளையும் பழகிட்டுது,” என்றா. தம்பி தன்னுடையதைப் பதினொரு மணிக்கே வழித்துத் துடைத்துவிட்டான். நான் வெறும் தேத்தண்ணி குடித்தேன்.

முதல் தடவை காற்றை வெட்டினான். இரண்டாவது தடவை அடித்தான், பிடித்துவிட்டார்கள். ட்ரேனர் தொப்பியைக் கழற்றி மாட்டினார். மூன்றாவது தடவைக்குத் தம்பி எழும்பியபோது, ரிசேர்வ்காரன் எனக்குப் பக்கத்தில் வந்திருந்து தன் பெட்டியைத் திறந்தான். அதே குழம்பு வாசம். பிறகு ஒரு சத்தம். நிமிர்ந்தபோது பந்து வேலியைத் தாண்டிச் சைக்கிள் பாதையில் உருண்டுகொண்டிருந்தது. ரிசேர்வ்காரன் வாயில் சோற்றோடு துள்ளினான்.

ஆட்டம் முடிந்ததும் ட்ரேனர் கடைசி ஆட்டத்துக்கான அணியை எழுதினார். இடது வெளிக்களத்தில் தம்பி. பிறகு ஸ்கோர் புத்தகத்தைத் திறந்தவர், நெற்றியைச் சுருக்கினார்.

“அடி எங்கே? இந்தக் கட்டத்தில் வேறு ஏதோ இருக்கிறதே.”

எட்டிப் பார்த்தேன். நான்கு வருடங்களில் என் முதல் பிழை. வடிவான கையெழுத்தில், தமிழில், கத்தரிக்காய் என்று எழுதியிருந்தேன்.

“இது என்ன?”

“தொழில்நுட்பக் குறிப்பு,” என்று சொல்லிவிட்டு அழிறப்பரைத் தேடினேன்.