ஏ.சி. தண்ணீரில் ஓடிய கம்ப்யூட்டர்

கட்டாத வீடுகளுக்குப் படம் போடுவது என் வேலை. சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் வரைபடத்தை அனுப்பும். நான் கம்ப்யூட்டரில் சுவர் எழுப்பி, வெயில் விழவைத்து, ஜன்னலோரம் ஒரு செடியையும் நட்டுத் திருப்பி அனுப்புவேன். படத்துக்குள் எல்லா வீடும் குளுகுளுவென்று இருக்கும். படம் போடுகிற பெட்டி மட்டும் கொதிக்கும். தூத்துக்குடி மதிய வெயிலில் எங்கள் ஹாலில் உட்கார்ந்தால் மனுஷரே வெந்துபோவோம், பாவம் அது என்ன செய்யும்? ஒரு படம் முடிய மணிக்கணக்கில் மூச்சுமுட்ட ஓடவேண்டும். பாதியில் சூடு தாங்காமல் பட்டென்று அணைந்துவிடும். அதுவரை செய்ததெல்லாம் போச்சு.

வீட்டில் ஒரே ஒரு ஏ.சி., அது என் கணவர் படுத்திருந்த அறையில். அவர் கப்பலில் இஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். விடுப்பில் வந்திருந்தபோது பல் தேய்த்துக்கொண்டே நின்றவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலப்பக்கம் மரத்துப்போனது, பேச்சும் போனது. அன்றைக்கு எனக்கும் ஏதோ மரத்துப்போனது. எந்தப் பக்கம் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

கம்ப்யூட்டரை அந்த அறையிலேயே வைத்தால் என்ன என்று கேட்காத ஆள் இல்லை. வைத்துப் பார்த்தேன். அதன் ஃபேன் இரைய ஆரம்பித்ததும் அவர் கண் விழித்தார். கப்பலில் இருப்பதாக நினைத்துவிட்டார் போல. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்கிற பதற்றத்தோடு, நன்றாக இருந்த இடது கையை ஊன்றி எழப் பார்த்துக் கட்டிலிலிருந்து விழுந்தார். அன்றைக்கே பெட்டி ஹாலுக்குத் திரும்பியது. இரண்டாவது ஏ.சி. போடலாம் என்றால், பழைய வயரிங் தாங்காது என்று வீட்டு ஓனர் ஒரே பிடியாக நின்றார்.

அந்தக் கோடையில் இரண்டு வேலைகள் அடுத்தடுத்துத் தாமதமாயின. மேலதிகாரி போனில் ரொம்ப மரியாதையாகப் பேசினார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க ஆபீஸுக்கே வந்துடுங்க மேடம். இங்க நல்ல சிஸ்டம் இருக்கு" என்றார். நான் சென்னை போனால் என் கணவரைக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில்தான் விடவேண்டும். வேலையை விட்டால் மருந்துக்கு வழியில்லை. ஆகவே கம்ப்யூட்டர் சூடாகக்கூடாது. அவ்வளவுதான் என் பிரச்சினை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மற்றதை யோசிக்காமல் இருக்க அது வசதியாகவும் இருந்தது.

இணையத்தில் யாரோ செய்து காட்டியிருந்ததைப் பார்த்து நானும் ஒன்று செய்தேன். ஆள் உயர பி.வி.சி. பைப் ஒன்று, அதன் உச்சியில் குளியலறை ஷவர், கீழ்ப்பக்கம் ஒரு சின்ன ஃபேன், பைப்பின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள் போடுகிற மோட்டார். அது தண்ணீரைத் தள்ளும். கம்ப்யூட்டரின் உள்ளே சூடாகிற இடத்தில் ஒரு செம்புக் கட்டி பொருத்தியிருந்தேன். அதன் வழியாகப் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர் மேலே ஏறும், ஷவரில் தூறலாக விழும். எதிரே காற்று மேலேறும்போது கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி, மிச்சம் குளிர்ந்து தொட்டிக்கு வரும். மண்பானை தண்ணீரைக் குளிரவைக்கிற அதே வித்தைதான்.

என் கணவரின் அக்கா திரேஸ்புரத்திலிருந்து தினமும் வருவார். மைனி என்றுதான் கூப்பிடுவேன். கணவரைப் புரட்டிப் படுக்கவைக்க, துடைத்துவிட எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். ஹாலில் நின்ற பைப்பைப் பார்த்து மைனி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏளா, நடுவீட்ல எதுக்கு குளிக்க பைப்பு நட்டுருக்க?"

"கம்ப்யூட்டருக்கு மைனி."

"அதுக்குமா? மனுசனுக்கே ஒழுங்கா தண்ணி வரக்காணும். சோப்பும் வாங்கி வச்சிருக்கியா?"

திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண் தொண்ணூறிலிருந்து அறுபத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. ஃபேன் இரைச்சல் இல்லை. படம் முழுதாக முடிந்தது. துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள் நான். 'சரி' என்று மட்டும் தோன்றியது.

கொஞ்ச காலம்தான். எண் மறுபடி ஏற ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் ஷவர் துளைகள், குழாய், செம்புக் கட்டி எல்லாம் வெள்ளை வெளேரென்று அடைத்துக் கிடந்தன. மைனி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்புளா. உப்பளத்துக்காரர் மவ வீட்டுக்குள்ளயே பாத்தி கட்டிட்டா."

என் அப்பா உப்பளத்தில் எடை போட்டவர். எங்கள் ஊர்த் தண்ணீரைக் காயவைத்தால் என்ன மிஞ்சும் என்று பார்த்தே வளர்ந்தவள் நான். போர்வெல் தண்ணீரை ஊற்றி, ஃபேன் வைத்துக் காயவைத்துவிட்டு, அடைத்துக்கொண்டதே என்று விழித்துக்கொண்டு நிற்கிறேன். மைனி விழுந்து விழுந்து சிரித்தார். நானும் வாயை அகட்டிவைத்தேன்.

உப்பில்லாத தண்ணீர் கொல்லைப்பக்கமே சொட்டிக்கொண்டிருந்தது. கணவர் அறை ஏ.சி.யின் குழாய்க்குக் கீழே, சுவர் ஊறாமல் இருக்க ஒரு வாளி வைத்திருந்தோம். கடல்காற்று அடிக்கிற நாட்களில் விடிவதற்குள் வாளி நிறைந்துவிடும். அதைத்தான் அதுவரை வாசலில் கொட்டிக்கொண்டிருந்தேன். செம்பையும் குழாயையும் சுத்தம் செய்து அந்தத் தண்ணீரை ஊற்றினேன். பிறகு ஒரு பொட்டு உப்பு படியவில்லை.

அதிலிருந்து என் காலை இப்படித்தான். அவரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி கொடுத்து, கொல்லைக்குப் போய் வாளியைத் தூக்கிவந்து தொட்டியில் ஊற்றிவிட்டு வேலைக்கு உட்காருவேன். அவர் எப்படி இருக்கிறார் என்று யாராவது கேட்டால் "அப்படியேதான்" என்பேன். கம்ப்யூட்டர் எத்தனை டிகிரி என்று கேட்டிருந்தால் அட்சரம் பிசகாமல் சொல்லியிருப்பேன். ஒருநாள் தண்ணீர் ஊற்றிய கையோடு அவருக்குப் போர்வையைச் சரிசெய்யப் போனேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஈரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு ஊத்தினேன், உங்க ஏ.சி. தண்ணிதான்" என்றேன். ஈரம் காயும்வரை கையை விடவில்லை.

அந்த வருஷ மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். ஒரு காலை கஞ்சியோடு உள்ளே போனேன், அவர் இல்லை. ஏ.சி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஹாலில் மேசையை ஓரங்கட்டிவிட்டு ஃப்ரீசர் பெட்டியை வைத்தார்கள். அதன் பக்கவாட்டிலும் ஒரு எண் எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அழுதிருளா, உள்ளயே வச்சுக்கிடாத" என்று மைனி தோளை உலுக்கினார். வரவில்லை. மாதா கோயிலில் பூசை நடந்தது, கல்லறையில் ஆளாளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டார்கள், நானும் போட்டேன். யாரோ பந்தலில் "கல்நெஞ்சுக்காரி" என்று சொன்னது காதில் விழுந்தது. இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் பூசை முடிந்த பிறகு ஆபீஸிலிருந்து போன் வந்தது. மேசையைப் பழைய இடத்துக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு மோட்டார் களக் களக்கென்று காற்றை இழுத்தது. எண் ஏறியது. பெட்டி பட்டென்று அணைந்தது.

பழக்கத்தில் எழுந்து கொல்லைக்குப் போனேன். வாளி காய்ந்து கிடந்தது. அடியில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். குழாய் நுனியைத் தொட்டுப் பார்த்தேன். அதிலும் ஈரமில்லை.

குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மைனி ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார். "என்னளா?"

"தண்ணி வரல மைனி."

"ஏ.சி. போட்டாத்தான வரும்? இனி அந்த ரூம்லயே கம்ப்யூட்டர தூக்கி வச்சிரு. சத்தம் கேட்டு எந்திரிக்க இனி யாரு இருக்கா?"

நல்ல யோசனைதான். இந்தப் பைப்பும் ஷவரும் தேவையே இல்லை. நான் இங்கே இருக்க வேண்டிய தேவையும் இல்லை, சென்னைக்கே போகலாம். அவர் மூச்சும் வேர்வையும் கலந்த ஈரத்தைத்தான் தினமும் காலையில் வாளியில் தூக்கிப் போயிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. வாளியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அடக்கமுடியாமல், அக்கம்பக்கம் கேட்க அழுதேன்.

 மைனி உள்ளே போய் ஏ.சி.யைப் போட்டு, யாருமில்லாத அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். என் கையிலிருந்த வாளியை வாங்கிக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் கழித்துச் சொட்ட ஆரம்பித்தது.