ஒற்றை மாத்திரையும் ஒற்றை டோக்கனும்

சென்ற மார்ச் 11 அன்று, தையல் ஆலை நிர்வாகம் என் அக்காவின் மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தின் மேல் "சொந்த நோய்" என்று எழுதித் திருப்பி அனுப்பியது. அந்த நோயை வளர்த்தது ஆலைதான் என்பது என் குற்றச்சாட்டு.

அக்கா அங்கே சட்டைக் காலர் தைப்பவள். வாய்த்துடுக்குக்காரி. நான் பள்ளியை விட்ட பிறகும் எனக்குப் பழைய புத்தகங்கள் வாங்கித் தந்தவள். அவள் வரிசைப் பெண்கள் அனைவருக்கும் கழிவறைக்குச் செல்ல ஒரே டோக்கன். அதைத் தொட்டாலே மேற்பார்வையாளர், "வீட்லயே முடிச்சுட்டு வரமாட்டீங்களா?" என்று எல்லோர் காதிலும் விழக் கத்துவார். கழிவறையிலோ தண்ணீர் வராது. மூக்கைப் பொத்தினால் கண் எரியும். எனவே பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று அவர்களை விடுவதுமில்லை.

ஆலையின் மருந்தறைக்காரருக்கு அவர்கள் வைத்த பெயர் சர்வரோக நிவாரணி. எதற்கும் ஒரே கிருமிக்கொல்லி மாத்திரை. அதிலும் ஒன்றே ஒன்று. மாத்திரை அட்டையைக் கத்தரித்து, வியர்த்த கையால் நீட்டுவார்.

"மறுபடியும் எரிச்சலா? இந்தா, போட்டுட்டு மெஷின்ல உட்காரு."

"முழுசா அஞ்சு நாளைக்குக் குடேன்யா" என்பாள் அக்கா.

"முழுசா குடுத்தா நீ முழுசா குணமாயிடுவே. அப்புறம் எனக்கென்ன வேலை?"

எரிச்சல் அன்றைக்கு அடங்கும்; ஆலைக்கு அது போதும். அரைகுறையாய் அடிபட்ட கிருமி ஒவ்வொரு முறையும் தேறி எழுந்தது. பல ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

மார்ச் முதல் வாரத்தில் குளிர்காய்ச்சலும் இடுப்புவலியும் அவளைச் சாய்த்தன. அரசு மருத்துவமனையில் சிறுநீரைப் பரிசோதித்த டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எந்த மாத்திரையும் இதுக்குக் கேட்கலம்மா. ஒரே ஒரு ஊசிதான் மிச்சம். ரெண்டு வாரம், தினமும் காலையில வந்து போட்டுக்கணும். நடுவுல விட்டா அதுவும் கேட்காமப் போயிடும், கிட்னி போயிடும்."

சீட்டைக் கண்ட மேற்பார்வையாளர், "ஒண்ணுக்குப் போக ரெண்டு வாரம் லீவா?" என்று சிரித்தார். திங்கட்கிழமை வராவிட்டால் பெயரை நீக்குவோம் என்ற அறிவிப்பும் வந்துவிட்டது.

என்ன செய்யலாம் என்று அக்காவிடம் கேட்டேன். "வேலை போனா வேற தேடிக்கலாம்டா. கிட்னி எந்தக் கடையில கிடைக்கும்?" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்களன்றும் அவளை ஊசிக்கே அழைத்துச் செல்வேன். பரிசோதனை அறிக்கை, மருந்துச் சீட்டு, கத்தரித்த அட்டைத் துண்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். மூலங்கள் என்னிடம் உள்ளன. அவள் வேலைக்கும் ஊதியத்துக்கும் குறைவின்றி விடுப்பு உண்டா, இல்லையா? மருந்தறையில் அந்த மாத்திரையை ஒற்றையாய்க் கொடுக்க அனுமதித்தவர் யார்? திங்களுக்கு முன் கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வமான பதிலை ஆலை நிர்வாகம் தருக.