கெட்டில் வெல்ஸின் மெக்ஸிகோக்காரர்

"இந்த ஊர்ல என் வாயிலேருந்து ஒரு தமிழ் வார்த்தை கஸ்டமர் காதுல விழுந்துச்சுன்னா, மீசைய எடுத்துடறேன்!"

ஆறு வருடத்துக்கு முன், கலிபோர்னியா பாலைவனத்தின் நட்டநடுவில் காரிலிருந்து இறங்கிய கையோடு குத்புதீன் வெளியிட்ட பிரகடனம் இது. கேட்டவர் ஒரே ஒருவர், மனைவி ரோஷன் பேகம். அவரும் ஏசி ஓடுகிறதா என்று பார்க்க உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

காரணம், அதே மாநிலத்தில் தமிழர்கள் மண்டிய சன்னிவேல். அங்கே ஒரு இட்லிக் கடையில் பல வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர் குத்புதீன். வந்தவர்கள் எல்லோரும் அவரை "அண்ணா" என்றார்கள். அண்ணா என்று ஒருவர் வாயைத் திறந்தால் ஒரு கிண்ணம் சாம்பார் இலவசமாகப் போகும். "அண்ணா, பேபிக்குக் கொஞ்சம் சாதம் குழைச்சு", "அண்ணா, க்ளோஸ் பண்ணிட்டீங்களா? அஞ்சே நிமிஷம்." ஒரு ஊருக்கே அண்ணனாக இருந்ததில் மனிதருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

கெட்டில் வெல்ஸில் கெட்டிலும் கிடையாது, கிணறும் கிடையாது. ஒரு கேஸ் ஸ்டேஷன், குத்புதீன் கல்லாவில் உட்காரும் ஒரு கடை, ஒரு சின்ன மோட்டல், வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு வெப்பமானி. மாநகரம் முடிந்தது. மற்ற ஊர்க்காரர்கள் வெயிலுக்குப் பயந்து ஓடும் ஜூலையில், இந்த வெப்பமானியைக் கட்டிக்கொண்டு படம் எடுக்க இங்கே ஜனம் வந்து இறங்கும். இதில் சான் ரமோன் நகரத்துத் தமிழர்களின் பங்கு மகத்தானது.

குத்புதீன் சட்டையில் "கஸ்" என்று பேட்ஜ் குத்திக்கொண்டார். மிச்ச வேலையை மீசை பார்த்துக்கொண்டது. "மெக்ஸிகன்டா" என்று அவர் எதிரிலேயே தமிழில் தீர்மானித்தார்கள். "முழியப் பாரு, திருட்டு முழி" என்பதையும் எதிரிலேயே சொன்னார்கள். "ஹேவ் எ குட் ஒன்" என்பார் குத்புதீன். முனிவர்கள் காட்டுக்குப் போய் எட்டிய நிலையை அவர் கல்லாவிலேயே எட்டியிருந்தார். ஆனால் களைப்பு மட்டும் தீரவில்லை. சாம்பார் ஊற்றுவதைவிட, காதில் விழுந்ததை விழாத மாதிரி நிற்பதற்குத்தான் அதிகத் தெம்பு வேண்டியிருந்தது.

போன ஜூலையில் ஒரு மத்தியானம் ஒரு குடும்பம் வந்தது. அப்பா வெங்கடாசலம், மகன் சுஹாஸ், பேத்தி ஸ்ம்ருதி. எதிரே தெரிந்த மணல் மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டும் என்றார் வெங்கடாசலம்.

"நோ சார், ப்ளீஸ். வெரி டேஞ்சரஸ்" என்றார் குத்புதீன்.

"அப்பா, அவரே வேணாங்கறார்" என்றான் சுஹாஸ்.

"அவனுக்கு என்னடா தெரியும்? தண்ணி பாட்டில் விக்கறதுக்குப் பயமுறுத்தறான். நான் வேலூர்க்காரன்டா, அக்னி நட்சத்திரத்துல கிரிக்கெட் ஆடினவன்!"

"தாத்தா, இட்ஸ் லிட்டரலி ஒன் ட்வெண்ட்டி ஃபோர்" என்றாள் ஸ்ம்ருதி, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அது ஃபாரன்ஹீட்டுடி கண்ணு. அதுல எல்லாமே பெருசாத்தான் தெரியும்."

சுஹாஸ் காருக்குக் கேஸ் போடப் போனான். பேத்தி ரெஸ்ட் ரூமுக்குப் போனாள். வெங்கடாசலம் குடையை விரித்து ரோட்டைத் தாண்டினார்.

கண்ணாடி வழியாகக் குத்புதீன் பார்த்துக்கொண்டே இருந்தார். முந்தைய வருடம் அதே மேட்டிலிருந்து ஒருவரை ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள். அவர் பிழைக்கவில்லை. குத்புதீன் கதவைத் திறந்து, "சார்! கம் பேக்!" என்று கத்தினார்.

"நோ வாட்டர், தேங்க்யூ!" என்றார் வெங்கடாசலம், திரும்பிப் பார்க்காமல்.

ரோஷன் பேகம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னங்க, அந்தப் பெரியவர் தள்ளாடறாரே."

"எத்தன தடவ சொல்றது? காதுலயே வாங்க மாட்டேங்கறாரு."

"இங்கிலீஷ்லதானே சொன்னீங்க?" அவர் ஒரு டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "மீசை போனா மொளைக்குங்க."

குத்புதீன் பெருமூச்சு விட்டார். ரப்பர் செருப்போடு ரோட்டில் இறங்கினார். தார் செருப்பைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. மணலில் நாலு எட்டு ஓடி, பெரியவரின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார்:

"ஐயா, எனக்குக் கால் சுடுதுங்க. உள்ள மோர் இருக்கு. ஒரு வாய் குடிச்சிட்டு வந்து நடக்கலாம், வாங்க."

வெங்கடாசலம் திரும்பினார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. குடை நடுங்கியது. மெக்ஸிகோவில் மோர் உண்டா என்று யோசிப்பவர்போல் கொஞ்சம் நின்றார். பிறகு முழுப் பாரத்தையும் குத்புதீனின் தோளில் போட்டார்.

பாதி ரோட்டில் கேட்டார். "எந்த ஊரு தம்பி?"

"பள்ளப்பட்டிங்க" என்றார் குத்புதீன், காலியாக இருந்த கையால் மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு.