கொம்பில் சிவப்புத் துணி

எர்ணாவூரில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதால் எங்கள் பேருந்து நகரவில்லை. இறங்கி டீ குடிக்கிறேன். எதிரே, கரி படிந்த சுவரோரம் ஒரு மாடு. அதன் கொம்பில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. படமெடுத்து, 'துறைமுகத்துப் பக்கத்திலும் திருஷ்டி பயம்' என்று எழுதி நண்பர்கள் குழுவில் போடுகிறேன். அதோடு விட்டிருக்கலாம். டம்ளரும் கையுமாக, அந்த மாட்டில் பால் கறந்துகொண்டிருக்கும் ஓர் அம்மாவிடம் போய், "யார் கண்ணும்மா பட்டுச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறேன்.

"கண்ணா? மடி வீங்கிகினு கீது சார். எங்க தெருப் பொண்ணு ஒண்ணு மாட்டு டாக்டராண்ட ட்ரெய்னிங் எடுத்துக்கீது. அதுதான் டாக்டர இட்டாந்து ஊசி போட வெச்சு, இந்தத் துணியக் கட்டிட்டுப் போச்சு. ஊசி மருந்து பால்ல எறங்குமாம், துணி அவுக்கற வரிக்கும் இந்தப் பால யாருக்கும் ஊத்தக் கூடாது. கொயந்தைங்க குடிக்கறதாச்சே?"

சொல்லிக்கொண்டே வாளிப் பாலை அப்படியே சாக்கடையில் கொட்டுகிறார். சொம்போடு வந்த ஒருவர் துணியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போகிறார். கையிலிருக்கும் டீ டம்ளரை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

"படம் புடிச்சல்ல சார்? எனக்கு அனுப்பேன். பால் வாங்கறவங்க குரூப்புல போட்டுடறேன். வூடு வூடா போய்ச் சொல்ல வேணாம் பாரு."

நான் எழுதிய வரியை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் அவர் சொன்ன எண்ணுக்கு அனுப்புகிறேன்.

"சோக்கா கீது சார்" என்கிறார்.

என் கையில் போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. நண்பர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.