மூடிக்குக் கீழே ஓடும் தண்ணீர்

கமலா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டவர்கள் பெரும்பாலும் முகம் சுளித்தார்கள். சிங்கப்பூரின் ஜாலான் புசாரிலும் லிட்டில் இந்தியாவிலும் சாக்கடை மூடிகளைத் திறந்து, உள்ளே ஓடும் கழிவுநீரைக் குப்பியில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவாள். காய்ச்சல் என்று ஒருவர் டாக்டரிடம் போகுமுன்பே, எந்த வட்டாரத்தில் என்ன கிருமி இருக்கிறது என்று அந்தத் தண்ணீரில் தெரிந்துவிடும்.

மூடியைத் திறந்ததும் எழும் சலசலப்பில் அவள் ஒரு கணம் கிறங்கி நிற்பாள். குளித்தவர்கள், அரிசி களைந்தவர்கள், பிள்ளையைக் கழுவிவிட்டவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறியாமல் அங்கே ஒன்றாகி, தூக்கத்தில் முணுமுணுத்தபடி எங்கோ போவதுபோல் இருக்கும்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் மேற்பார்வையாளர் ஃபஹத் அழைத்தார்.

"கமலாக்கா, போன வாரம் எடுத்த சேம்பிள்ல ஸிக்கா இருக்கு. மார்க்கெட் பக்கத்து புளோக். டீம் இப்பவே வீடு வீடா போறாங்க, நீங்களும் வாங்க."

அந்த அடுக்குமாடி புளோக்கில்தான் தங்கை ரக்ஷனா இருந்தாள். முதல் குழந்தை, வயிறு இப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது. கொசு பரப்பும் ஸிக்கா பெரியவர்களுக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும். கருவில் இருக்கும் பிள்ளையைத்தான் அது முடக்கிப்போடும்.

மின்தூக்கி மேலேறியபோது கமலா மாடி எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்த ரக்ஷனா சீருடையைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, வேலை நேரத்துல?"

"உடம்புல தடிப்பு ஏதாச்சும் வந்துச்சா?"

"கையில கொஞ்சம் இருந்துச்சு. உடம்பு ஹீட்னு நெனச்சேன் லா."

கமலா தங்கையின் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தாள்.

"வா, பிளட் டெஸ்ட் எடுத்துரலாம்."

முடிவு வரும்வரை கமலா தங்கை வீட்டிலேயே தங்கினாள். பகலில் குழுவினரோடு கொசு பெருகும் இடங்களைத் தேடி அலைந்தாள். பூட்டிக் கிடந்த ஒரு கடைவீட்டின் பின்புறம், மழைநீர் தேங்கிய தொட்டியில் கொசுப்புழுக்கள் வெயிலில் மின்னி நெளிந்தன. பார்க்க அழகாகக்கூட இருந்தன. அவள் தொட்டியைக் கவிழ்த்தாள்.

ரக்ஷனாவின் ரத்தத்தில் ஸிக்கா இல்லை. அதே புளோக்கில் வேறு சிலருக்கு இருந்தது; அவர்களும் பின்னர் தேறினார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டதும் அக்காவும் தங்கையும் சோபாவில் அப்படியே சாய்ந்து, பட்டப்பகலில் தூங்கிப்போனார்கள்.

சில மாதங்கள் கழித்து ரக்ஷனாவுக்கு நல்லபடியாகப் பெண்குழந்தை பிறந்தது. "பேரு நீயே வையிக்கா" என்றாள் ரக்ஷனா. கமலாவுக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை. கொட்டாவி விட்ட அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.