ட்ரவுட் ஏரிக்கு ஏறிய வெள்ளிக்கிழமை

வியாழன், காலை 6.10. கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலையத்து மேடையில் நிற்கும்போதே எனக்குக் கால் உளைந்தது. முதல்நாள் மாலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஒன்பதரை. ஒரு வாரத்துக்குச் சமைத்ததுபோல் இருந்த குசினியைக் கழுவி, பைகளை அடுக்கிப் படுக்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. பத்தொன்பது வருடமாகச் சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் தாதியாக இருக்கிறேன். விடுமுறை கிடைத்தால் நித்திரை கொள்ளவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. ஆனால் சுதன் மலைக்குப் போகவேண்டும் என்று கேட்டிருந்தார். பதினொரு மாதத்தில் அவர் வாய்திறந்து கேட்ட முதல் விஷயம் அது.

சுதன் என் கணவர். வயது ஐம்பத்திரண்டு. இரும்புத் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டுபவர். போன வருடம் ஐப்பசியில் ஒருநாள் வேலைக்கு உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர், சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் அப்படியே இருந்துவிட்டார். நான் வேலையால் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருந்தார். அதன்பிறகு மனநல மருத்துவர், மாத்திரை, வேலைக்கு ஏலாது என்று மாதாமாதம் எழுதி வாங்கும் மஞ்சள் நிறச் சான்றிதழ். வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. பொன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள்தான் மாசியில் அவரை மீன்பிடிப் பரீட்சை வகுப்புக்குப் பதிந்துவிட்டாள். ஜெர்மனியில் அந்தப் பரீட்சை சித்தியடையாமல் ஒருவரும் தூண்டில் போட முடியாது. மீன் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லவேண்டும், தூண்டில் தடியைப் பிழையில்லாமல் பூட்டிக் காட்டவேண்டும். அந்த வகுப்புக்கு மட்டும் அவர் நேரத்துக்கு எழும்பினார். சித்தியும் அடைந்தார்.

எஸ்ஸனில் மாறி, உல்ம் வரை கடுகதி ரயில். அங்கிருந்து தெற்கே சொன்ட்ஹோபன். இருவருக்கும் ஒருவழி 126 யூரோ. கொலோனைத் தாண்டியதும் நான் யன்னலில் தலையைச் சாய்த்தேன். நித்திரை வரவில்லை. பக்கத்தில் சுதன் மடியில் தடியுறையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று நினைத்து நினைத்தே ஐந்து மணித்தியாலம் போனது.

பிற்பகல் 2.15. சொன்ட்ஹோபனில் இருந்து பேருந்து, ஒருவருக்கு 4 யூரோ 10. சாரதி தடியுறையைப் பார்த்துவிட்டு எந்த ஏரி என்று கேட்டார். சுதன் பெயரைச் சொன்னார்.

"அங்கேயா? ஏறிப் போகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் இறங்குகிறார்கள்" என்றார் சாரதி.

"மற்றப் பாதிப் பேர்?" என்று கேட்டேன்.

"அவர்கள் பேருந்தில் ஒன்றும் பேசுவதில்லை. நித்திரைதான்."

ஏரியின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. நாங்கள் தங்கிய வீட்டுக்காரி மார்லேன அப்படிக் கேட்டுக்கொண்டாள். படம் எடுக்க வருகிறவர்கள் கரையில் கூடாரம் அடித்துக் குப்பையை விட்டுப் போகிறார்களாம். ஆகவே அளவுகளை மட்டும் தருகிறேன். கிராமம் 870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரி 1,790 மீட்டரில். நடை எட்டரைக் கிலோமீட்டர், மஞ்சள் பலகையில் மூன்றரை மணித்தியாலம் என்று போட்டிருக்கிறது. காலை உணவோடு அறைக்கு ஒரு நாளைக்கு 84 யூரோ. மீன்பிடி அனுமதிச் சீட்டும் மார்லேனயிடம்தான், நாளொன்றுக்கு 24 யூரோ.

நாற்பது வயது மதிக்கத்தக்க அவள் சுதனின் அத்தாட்சி அட்டையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சீட்டை எழுதினாள்.

"மூன்று மீன்வரை பிடிக்கலாம். இருபத்தாறு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிடுங்கள். அளவான மீனென்றால் விடக்கூடாது. விளையாட்டுக்குப் பிடித்துவிட்டு விடுவது இங்கே குற்றம். பிடித்தால் அந்த இடத்திலேயே கொல்லவேண்டும். தெரியும்தானே?"

"தெரியும்" என்றார் சுதன். பேனையைப் பிடித்துக் கையெழுத்துப் போடும்போது அவர் விரல்கள் நடுங்கின. அது மாத்திரையால் வந்த நடுக்கம். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வெள்ளி, காலை 6.30. பசுக்களைத் தடுக்கும் ஒரு மரப்படலையைத் திறந்துகொண்டு ஏறத் தொடங்கினோம். முதல் ஒரு மணித்தியாலம் காட்டுப் பாதை, ஊசியிலை மரங்கள், ஈரமண், பக்கத்தில் ஓடை இரையும் சத்தம். பிறகு காடு முடிந்து புல்வெளி. அங்கே கோடையில் மட்டும் மாடு மேய்ப்பவர்கள் தங்கும் ஒரு குடில் இருந்தது. மோர் ஒரு குவளை 3 யூரோ 50. குளிர்ந்த, தடித்த மோர். நின்றபடி குடித்தேன். இருந்தால் எழும்பமாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

குடிலுக்கு மேலேதான் உண்மையான ஏற்றம். பாதை பாறையில் வளைந்து வளைந்து போகிறது. சில இடங்களில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள். மேலே எங்கோ மலை அணில் விசிலடித்தது. காட்சி அழகாக இருந்ததா என்று பிறகு மகள் கேட்டாள். அழகாகத்தான் இருந்திருக்கும். நான் கண்டது என் சப்பாத்தின் நுனியும் அடுத்த கல்லும்.

காலை 9.20. ஒரு வளைவில் தட்டையான கல்லொன்றைக் கண்டேன். இருந்துவிட்டேன். தொடை இரண்டும் தன்பாட்டில் துடித்தன.

முன்னால் போன சுதன் திரும்பி வந்தார். "என்ன கௌரி?"

"என்னால ஏலாது."

"கொஞ்சம் தண்ணி குடியும்."

"தண்ணி வேண்டாம். இனி ஒரு அடியும் ஏலாது."

அவர் என் பையைக் கழற்றி எடுத்தார். பாரத்தில் அவர் கை கீழே இழுபட்டது. திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மூன்று லீற்றர் தண்ணீர். புட்டும் சம்பலும் வைத்த டப்பா. காயத்துக்குக் கட்டும் துணி. மாத்திரைப் பெட்டி. கடைசியில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி.

"இதென்னத்துக்கு?"

"உங்களுக்கு."

"மலைக்கா?"

அவர் சிரித்தார். நக்கலாகச் சிரிக்கவில்லை, மெல்லத்தான் சிரித்தார். ஆனால் எனக்குள் ஏதோ அறுந்தது.

"சிரியுங்கோ. நல்லாச் சிரியுங்கோ. பதினொரு மாதமா நீங்கள் எழும்பினீங்களோ, சாப்பிட்டீங்களோ, குளிசை போட்டீங்களோ எண்டு பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. வேலையிலையும் நோயாளியள், வீட்டிலையும் நோயாளி. ஒருத்தராவது என்னை நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு கேட்டினமோ?"

சொல்லி முடிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். மருத்துவர் சொல்லியிருந்தார், அவரிடம் கோபப்படவேண்டாம் என்று. சுதன் பாதையோரத்தில் குந்தியிருந்தார். பாறையைத் துளைத்துப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "எனக்குத் தெரியும், கௌரி. கேக்கப் பயமா இருந்தது. கேட்டா நீர் சொல்லிப்போடுவீர் எண்டு."

பிறகு அவர், "இறங்குவமோ?" என்றார்.

இறங்கலாம் என்றுதான் என் கால் சொன்னது. ஆனால் அவர் முகத்தில் மேலே போகும் ஆசை அப்படியே தெரிந்தது. அந்த முகத்தில் ஆசை என்று ஒன்றைக் கண்டு எவ்வளவு காலம்.

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

"தனியவோ?"

"ஓம். தனிய."

அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு சிரமம் என்று இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். பதினொரு மாதமாக நான் அவரை உயரமான இடத்திலோ ஆழமான தண்ணீர்க் கரையிலோ தனியே விட்டதில்லை. எங்கள் நான்காம் மாடி வீட்டுப் பல்கனிக் கதவைப் பூட்டிய திறப்பு என் கைப்பையில்தான் இருக்கும். ஏனென்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்றைக்கு உயரமும் தண்ணீரும் சேர்ந்த இடத்துக்கு நானே அனுப்பினேன். களைப்பு ஒரு அளவைத் தாண்டினால் பயத்துக்குக்கூடத் தெம்பிருக்காது.

அவர் தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டையும் தன் பையில் போட்டுக்கொண்டு, தடியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். மூன்றாவது வளைவில் மறைந்தார்.

எப்போது கண் அயர்ந்தேன் என்று தெரியாது. விழித்தபோது ஒரு பசு என் பைவாரை நக்கிக்கொண்டிருந்தது. மணி 11.05. சுற்றிலும் வெள்ளை. மூடுபனி இறங்கிப் பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் சமிக்ஞை இல்லை.

பையை அங்கேயே விட்டுவிட்டு எழும்பினேன். ஒரு அடியும் ஏலாது என்ற கால்கள் எப்படி ஏறின என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டும், சில இடங்களில் நாலு காலில் தவழ்ந்தும் போனேன். முழங்கை உரசி இரத்தம் வந்தது. முருகா, முருகா என்று வாய் தன்பாட்டில் சொன்னது. பாறை முடிந்து நிலம் சமதளமானது. காலடியில் சின்னச் சின்ன அலை தட்டும் சத்தம் கேட்டது. ஏரியைக் காணவில்லை, சத்தம் மட்டும்தான்.

"சுதன்!" திருமணமாகி இருபத்திநான்கு வருடத்தில் அவரை நான் பெயர்சொல்லிக் கூப்பிட்டதில்லை. "சுதன்!"

கரையோடு ஓடினேன். ஒரு சப்பாத்துச் சோடி கல்லின்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவருடைய பை.

"சுதன்!"

"சத்தம் போடாதையும்" என்றது மூடுபனிக்குள் இருந்து ஒரு குரல். "மீன் வெருண்டு போடும்."

முழங்கால் ஆழத் தண்ணீரில், களிசானைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, அவர் தடியோடு நின்றார். நான் கரையில் அப்படியே இருந்து அழுதேன். அவர் தண்ணீரை அளைந்துகொண்டு வெளியே வந்தார்.

"என்ன நடந்தது? விழுந்து போனீரோ? கையிலை இரத்தம்."

"நான் பயந்திட்டன்."

"என்னத்துக்கு?" என்றவர், கல்லின்மேல் இருந்த சப்பாத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விளங்கிக்கொண்டார். பக்கத்தில் வந்து இருந்தார். அவர் கால்கள் குளிரில் சிவந்திருந்தன.

"முந்தி ஒருக்கா அப்பிடி நினைச்சனான்" என்றார் மெல்ல. "மார்கழியிலை. இப்ப இல்லை. திரும்ப அப்பிடி ஒரு நினைப்பு வந்தா உமக்குச் சொல்லுவன். சத்தியமாச் சொல்லுவன்."

பதினொரு மாதமாக மருத்துவர் முன்னால்கூட நாங்கள் பேசாத பேச்சு, இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பிறகு அவர் எழும்பித் திரும்பவும் தண்ணீருக்குள் போனார்.

பகல் 12.40. மூடுபனி கொஞ்சம் கிழிந்தது. ஏரி நான் நினைத்ததைவிடச் சின்னது, சுற்றி நடக்க இருபது நிமிடம் போதும். தண்ணீர் கடும் பச்சை, கரையோரம் கண்ணாடிபோல் தெளிவு. முதலில் பிடிபட்ட ட்ரவுட் மீன் இருபத்திரண்டு சென்டிமீட்டர். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே தூண்டில் முள்ளைக் கழற்றி மீனைத் திரும்ப விட்டார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு தடி திரும்பவும் வளைந்தது. இந்தமுறை கரைக்குக் கொண்டுவர நேரம் எடுத்தது. அளவுகோலில் முப்பத்தொன்று. பழுப்பு உடம்பில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம்.

ஒரு சிறு கட்டையால் தலையில் ஒரே அடி. பிறகு கத்தியால் செட்டைக்குப் பின்னால் இதயத்தில் ஒரு குத்து. வகுப்பில் படித்தபடியே செய்தார், மீன் துடிக்கவே இல்லை. நான் மீனைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்தேன். பத்தொன்பது வருடம் ஊசி ஏற்றியவளுக்குக் உறுதியான கை எது என்று தெரியும். அது நடுங்கவில்லை.

"பொரிப்பமோ இரவைக்கு?" என்றார்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"ஐயோ" என்றார். இருவரும் சிரித்தோம். வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கொடுமை. முழங்கால் ஒவ்வொரு படியிலும் முறைப்பாடு வைத்தது. வழியில் என் பை கிடந்த இடத்திலேயே கிடந்தது, புட்டு டப்பாவை மட்டும் பசு உருட்டியிருந்தது. மாலை 5.30க்குக் கிராமம். மீன் மார்லேனயின் குளிர்பெட்டிக்குள் போனது. நான் சப்பாத்தோடு கட்டிலில் விழுந்தேன். யார் கழற்றினார் என்று தெரியாது.

சனி மதியம், மார்லேனயின் குசினியில் மீனுக்கு உப்பும் மஞ்சளும் நான் கொண்டுவந்திருந்த மிளகாய்த்தூளும் பூசிப் பொரித்தேன். அவளும் ஒரு துண்டு சாப்பிட்டு, இரண்டு குவளை தண்ணீர் குடித்து, நன்றாக இருக்கிறது என்றாள். உண்மையைச் சொன்னால், மலை ட்ரவுட்டுக்குப் பெரிய ருசியில்லை. மென்மையான சதை, மெல்லிய மண்வாசனை. கடல்மீனுக்குப் பழகிய வாய்க்கு அது போதாது. சுதன் தலையையும் விடாமல் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை 9.40க்கு ரயில். மலைகள் யன்னலில் சிறுத்துச் சிறுத்து, உல்முக்கு முன்பே தட்டையாகிப்போயின. எங்கள் ஊரில் உயரமென்று சொல்ல நிலக்கரிக் கழிவைக் கொட்டிக் கட்டிய குன்றுகள்தான் உண்டு. அவற்றின்மேல் ஏறினால் நெடுஞ்சாலையும் புகைபோக்கிகளும் தெரியும். நீர்நிலையென்றால் கப்பல் போகும் கால்வாய். அந்த ஏரியைப் பார்த்தபிறகு கால்வாய் கேவலமாகத் தெரியும் என்று நினைத்தேன். அப்படித் தெரியவில்லை. கால்வாய்க்குப் போகப் பத்து நிமிடம் பேருந்தில் இருந்தால் போதும் என்பதே எனக்குப் பெரிய அழகாகப்பட்டது.

சுதனுக்குச் சுகமாகிவிட்டதா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். இல்லை. திரும்பி வந்த திங்களும் செவ்வாயும் கட்டிலைவிட்டு எழும்பவில்லை. மாத்திரை தொடர்கிறது. எனக்கும் களைப்புத் தீரவில்லை, நாலு நாள் மலையில் தீருகிற களைப்பு அல்ல அது. வேலையில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைகள் இனி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் தடியை எடுத்தார்.

"கால்வாய்க்குப் போட்டு வாறன். நீர் வாறீரோ?"

"இல்லை. நான் படுக்கப்போறன்."

"ஓம். படும்."

எத்தனை மணிக்கு வருவீங்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. படியில் அவர் இறங்கும் சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது. கீழே வாசற்கதவு சாத்தியதும் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். எழும்பும்போது பகல் பன்னிரண்டு மணி.