பவளராணி குடித்த சீனக் கசாயம்

பவளராணி குடித்த சீனக் கசாயத்தை எல்லாம் சேர்த்து ஊற்றியிருந்தால் சில்க்போர்க் ஏரி கரைமீறி, வாத்துகள் தெருவில் நீந்தியிருக்கும். சரி, கொஞ்சம் கூடிப்போயிற்று. ஒரு வாத்து குளிக்கப் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அவள் வாயால் வந்த கணக்குத்தான்.

எண்பத்தாறாம் ஆண்டுப் பனிக்காலம். இக்காஸ்ட் என்ற டெனிஷ் ஊரில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் பவளராணி கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். சலம் கழிக்கப் போவதென்றால் மெஷினை நிறுத்தி, கையை உயர்த்தி, மேற்பார்வைக்காரன் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில்கூட அதற்காகக் கை உயர்த்தாதவள், இத்தனை ஆண்கள் பார்க்க உயர்த்துவாளா? அடக்கினாள். அடக்க வசதியாகத் தண்ணீர் குடிப்பதையும் விட்டாள். மார்கழிக்குள் சலக்கடுப்பு வந்துவிட்டது. போகும்போது மிளகாய்த்தூள் கொட்டியதுபோல எரிந்தது.

டாக்டரிடம் போகாமல் இல்லை. ஆனால் மொழிபெயர்க்க வந்தவர் சபாரத்தினம் அண்ணை. அங்கிருந்த தமிழருக்குள் டெனிஷ் ஒழுங்காகத் தெரிந்தவர் அவர்தான். ஓல்போர்க்கில் இருக்கும் தன் மச்சானுக்கு அவளைக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

"எங்கை பிள்ளை நோகுது? வெக்கப்படாமல் சொல்லு."

"வயித்துக்கை, அண்ணை."

டாக்டர் வயிற்றெரிவுக்குக் குளிசை கொடுத்தார். அவள் வயிற்றுக்கு அதற்கு முன்னும் ஒரு குறையும் இருக்கவில்லை.

பக்கத்து மெஷினில் லான். வியட்நாமிலிருந்து படகேறி வந்த சீனப் பெண். இருவருக்கும் பொதுவாய் இருந்தவை அரைகுறை டெனிஷும் கைகளும்தான். பவளராணி தொடைகளை இறுக்கிக்கொண்டு தைப்பதைக் கவனித்தவள், ஒருநாள் கடதாசிப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். வேர், விதை, காய்ந்த தண்டு. அவித்து நிறையக் குடி, அதற்குமேல் தண்ணீரும் குடி, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஓடு என்று ஒரு கூத்தே ஆடிக் காட்டினாள்.

முதல்நாள் பவளராணி குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்றைக்குத் திரும்பத் திரும்பக் கை உயர்த்த வேண்டி வந்தது. மேற்பார்வைக்காரன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினான். பின்வரிசை சிரித்தது. பவளராணிக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஆனாலும் வீட்டுக் குசினி அடுப்பில் கசாயம் தினமும் கொதித்தது. கூட இருந்த மன்னார் மாக்கிரட் மூக்கைப் பொத்தினாள்.

"என்னடி, பழைய செருப்பை அவிக்கிறியே?"

"பொத்தடி வாயை. இதுதான் என்னைக் காப்பாத்தப் போகுது."

லான் கேட்கும்போதெல்லாம், "குடிச்சேன், ஒரு ஏரி குடிச்சேன்" என்று டெனிஷில் சொல்லுவாள். லான் அவளுடைய கம்பளிச் சட்டையை மோந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டுவாள்.

தை மாதத்தில் முதுகு பிளந்தது. காய்ச்சலில் பல் கிட்டியவளை மாக்கிரட் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். நோய் மேலே ஏறி வலப்பக்கச் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது, இனி அது திரும்பாது என்று டாக்டர் சொன்னார். அதைத் தமிழில் சொல்லக் கட்டில் காலடியில் நின்றவரும் சபாரத்தினம் அண்ணைதான். எந்தச் சொல்லை அவர் காதில் விழாமல் காப்பாற்றினாளோ, அதை அவரே யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இந்தமுறை "பிள்ளை" என்று கூப்பிடவில்லை. ஓல்போர்க் கதை முடிந்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"வேறை மருந்து ஏதும் எடுத்தனியோ எண்டு டாக்குத்தர் கேக்கிறார்."

தோடம்பழப் பையோடு லான் கதவடியில் நின்றாள். பவளராணி அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். இனிப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

"சீன மருந்து குடிச்சனான், அண்ணை. கிடாரம் கிடாரமாய்க் குடிச்சனான். அதுதான் என்னை இப்பிடி ஆக்கிப்போட்டுது."

அவர் அதை டெனிஷில் சொன்னார். டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். லானின் முகம் வெளிறிப்போனது.

"அண்ணை, அதை மாத்திச் சொல்லுங்கோ," என்றாள் மாக்கிரட். "இவள் குடிச்சது முதல்நாள் மட்டும்தான். மிச்சம் முழுக்க நான் பாக்கப் பாக்கக் குசினித் தொட்டிக்குள்ளை ஊத்தினவள். குடிச்சால் கை உயர்த்த வேணுமெண்டு."